கத்தரிக்கு ஒரு போர்வை

அக்காவிடமிருந்து "உடனே கிளம்பி வா" என்று போன் வந்தால் சின்னவளுக்கு முதலில் எரிச்சல் வரும். எரிச்சல் அடங்குவதற்குள் கால் செருப்பைத் தேடிப் போயிருக்கும். அன்றும் அப்படித்தான் ஆயிற்று.

வீட்டில் இருந்தது இரண்டே பெண்கள். பெரியவள், சின்னவள். அந்தக் கூப்பிடு பெயர்களையே அளவெடுத்து வைத்தார்களோ என்று சின்னவளுக்குச் சந்தேகம் உண்டு. பெரியவள் பெண்களுக்காக வழக்காடும் வக்கீல். அவள் வாங்கிக் கொடுத்த தீர்ப்புகளைச் சட்டக் கல்லூரியில் பாடமாக நடத்துகிறார்கள். அதே கல்லூரியில் சேர்ந்த சின்னவளை, "ஓ, நீ அவங்க தங்கச்சியா?" என்று கேட்டே விரட்டிவிட்டார்கள். பாதிப் படிப்போடு வெளியே வந்தவள் ஒரு துப்பறியும் நிறுவனம் தொடங்கினாள். காணாமல்போன நாய்களையும் கணவர்களையும் கண்டுபிடித்துக் கொடுப்பது தொழில். நாய்களாவது வீட்டுக்குத் திரும்பிவரச் சம்மதித்தன.

அவளுடைய உதவியாளனுக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. அதனால் ரேடியோ என்று பட்டப்பெயர்.

"பாஸ், அக்கா நேத்து டிவியில வந்தாங்க, பார்த்தீங்களா? எதிர்ல உட்கார்ந்திருந்தவர் தண்ணி குடிக்கிறதைத் தவிர வேற எதுவுமே செய்யல" என்றான் மாடிப்படி ஏறும்போது.

"எங்க வீட்டு டிவி ரிப்பேர்."

"போன மாசம்தானே புதுசு வாங்கினீங்க?"

"அதுதான் ரிப்பேர்."

அக்காவின் அலுவலகம் நீளமான ஒரே அறை. சுவரெல்லாம் சட்டப் புத்தகம், தரையெல்லாம் கட்டுக் கட்டாகக் காகிதம். அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். புடவையில் ஒரு கசங்கல் இல்லை. ஒரு பொருள் திருடுபோய்விட்டது என்று அலறிக் கூப்பிட்ட மனுஷி இப்படியா இஸ்திரி போட்டதுபோல நிற்பாள் என்று சின்னவளுக்கு வயிறு எரிந்தது. மூலையில் ஒரு பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இவங்கதான் மனுதாரர்" என்றாள் பெரியவள். "ரெடிமேட் துணி ஃபேக்டரியில வேலை. அங்க கட்டிங் டேபிள்ல துணி வெட்டுறதுக்குத்தான் சம்பளம் ஜாஸ்தி. அது ஆம்பளைங்களுக்கு மட்டும். பொம்பளைங்க தைக்கலாம், பட்டன் வைக்கலாம், வெட்டக் கூடாது. ஆனா மாஸ்டர் வராத அன்னைக்கெல்லாம் சத்தமில்லாம இவங்களை வெட்டச் சொல்லுவாங்க. சம்பளம் மட்டும் ஹெல்பர் சம்பளம்."

"கோர்ட்ல அவங்க என்ன சொல்றாங்க?"

"எந்தப் பொம்பளையும் எங்க ஃபேக்டரியில கத்தரியைத் தொட்டதே இல்லை, தொட்டாலும் வெட்ட வராதுங்கிறாங்க. அதுக்குத்தான் ஒரு கத்தரியைச் சாட்சியா வெச்சிருந்தேன். கட்டிங் ரூம் கத்தரி. பிடியில துணி சுத்தி வளையத்தைச் சின்னதாக்கியிருக்கு. எந்த ஆம்பளை விரலும் அதுல நுழையாது. நாளைக்குக் காலையில அந்தக் கத்தரியாலயே நீதிபதி முன்னாடி இவங்க துணி வெட்டிக் காட்டணும். எதிர்த்தரப்பே கேட்டு வாங்கின சவால் அது." பெரியவள் இரும்பு அலமாரியைத் திறந்தாள். "இப்போ கத்தரி இல்ல. நாளைக்குக் கையை விரிச்சா, கதை கட்டினோம்னு ஆயிடும். இவங்க மட்டும் இல்ல, அந்த ஃபேக்டரியில எந்தப் பொண்ணும் அப்புறம் அந்த டேபிள் பக்கமே போக முடியாது."

அலமாரியில் பழுப்புக் காகித உறை பிரித்தபடி கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"கடைசியா எப்போ பார்த்தே?"

"நேத்து மத்தியானம். ஃபேக்டரிப் பொண்ணுங்க எல்லாரும் சாட்சி சொல்ற ஒத்திகைக்கு வந்திருந்தாங்க. நடுவுல டீ குடிக்க மொட்டை மாடிக்குப் போனோம். அந்த நேரம் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீலோட குமாஸ்தா ஏதோ மனு நகல் கொடுக்க வந்திருக்கான். இங்க தனியா நின்னிருக்கான். வேற யாரு?"

"கேஸ் முடிஞ்சுது" என்றான் ரேடியோ. "குமாஸ்தாவைப் பிடிச்சு ரெண்டு தட்டு தட்டினா கத்தரி விழும். மேடம், நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே."

சின்னவளுக்குக் காதில் புகை வந்தது. தன்னிடம் சம்பளம் வாங்குகிறவனே அக்காவுக்கு மேடம் போடுகிறான். அறையைச் சுற்றி வந்தாள். ஜன்னலண்டை வந்ததும் நின்றாள்.

"அக்கா, உன் திரைச்சீலை எப்பவும் இப்படித்தானா?"

"எப்படி?"

"ஒரு பக்கம் கட்டையா."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். கீழ் மூலையில் ஒரு பெரிய சதுரத் துண்டைக் காணவில்லை. நேற்றிலிருந்து அதற்கு முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறாள். சட்டப் புத்தகத்தில் ஒரு கால்புள்ளி குறைந்தால் கண்டுபிடிக்கிறவளுக்கு முதுகுக்குப் பின்னால் திரைச்சீலை குறைந்தது தெரியவில்லை. சின்னவளுக்கு அன்றைய முதல் சந்தோஷம் அது.

"ரேடியோ, மேஜையில ஒரு கத்தரி இருக்கு பாரு. அந்தத் துண்டு எப்படி இருந்திருக்குமோ அதே மாதிரி இந்தப் பக்கமும் ஒண்ணு வெட்டு."

"என் திரைச்சீலை" என்றாள் பெரியவள்.

"ஏற்கெனவே பாதி போச்சு. மீதியும் நீதிக்காகப் போகட்டும்."

ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினான். முடித்ததும் அவனே வெட்கப்பட்டான். ஓரமெல்லாம் எலி கடித்ததுபோல இருந்தது. திருடன் வெட்டிய ஓரம் கோடு போட்டதுபோல நேராகப் போய், நேராகத் திரும்பியிருந்தது.

"தொங்குற துணியை, அளவு போடாம, எங்கேயும் நிறுத்தாம வெட்டியிருக்காங்க" என்றாள் சின்னவள். "குமாஸ்தாவுக்கு இது வருமா? அதை விடு. இந்த ரூம்ல எங்க திரும்பினாலும் காகிதம். ஒரு கத்தரியைச் சுத்தி மறைச்சு எடுத்துட்டுப் போக ஒரு பேப்பர் போதாதா? உறையே காகிதம்தான். அதைப் பிரிச்சு எறிஞ்சிட்டு, மெனக்கெட்டுத் துணியை வெட்டி எடுத்துச் சுத்தியிருக்காங்க. ஏம்மா, துணி வெட்டுற கத்தரியைப் பேப்பர்ல சுத்தி வைப்பீங்களா?"

மனுதாரர் முதல்முறையாக நிமிர்ந்தாள். "ஐயோ, மாட்டோம். பேப்பர் பட்டா முனை மழுங்கிடும்னு கிட்டவே கொண்டுபோக மாட்டோம். மேடம் அதை உறையில போட்டப்பவே எனக்கு மனசு கேக்கல."

"அப்போ திருடினது கம்பெனி ஆள் இல்ல. உங்களோட டீ குடிச்ச பொண்ணுங்கள்ல ஒருத்தி."

பெரியவளின் முகம் சற்றே மாறியது. "என் ஆளுங்களா? அவங்களுக்காகத்தானே இந்தக் கேஸே."

"கத்தரியோட போட்டோ இருக்கா?"

பெரியவள் கைபேசியை நீட்டினாள். சின்னவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். ரேடியோவின் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். ஏதோ ஒன்று இடித்தது. மேஜைக் கத்தரியை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டினாள். எப்படிப் புரட்டினாலும் வலப்பக்க அலகுதான் மேலே வந்தது. படத்தில் இடப்பக்க அலகு மேலே இருந்தது.

"ரேடியோ, இடது கையால வெட்டு."

"இன்னொரு தடவையா? திரைச்சீலை இனிமே கைக்குட்டைதான் பாஸ்."

இடது கையில் கத்தரி தகராறு செய்தது. அலகுகள் விலகி, துணி நடுவில் மடிந்து மாட்டிக்கொண்டது. ரேடியோ பலங்கொண்ட மட்டும் அழுத்தியும் ஒரு நூல் அறுபடவில்லை.

"வலது கைக் கத்தரி இடது கையில வேலை செய்யாது. அதே மாதிரி இடது கைக் கத்தரி வலது கையில வேலை செய்யாது" என்றாள் சின்னவள். "அக்கா, உன்னோட கத்தரி இடது கைக் கத்தரி. உன் கட்சிக்காரங்க கைக்குட்டையை எந்தக் கையால பிழியறாங்கன்னு பாரு."

எல்லோரும் பார்த்தார்கள். மனுதாரர் வலது கையைச் சட்டென்று மடியில் மறைத்தாள். மறைத்த வேகத்திலேயே அழுதுவிட்டாள்.

"அது என்னுது இல்ல மேடம். நானும் வெட்டுவேன், மாஸ்டரோட கத்தரியில. இது என் ஃப்ரெண்டுது. நான்தான் எடுத்துட்டு வந்து கொடுத்தேன். நீங்க 'இது உன் கத்தரிதானே'ன்னு கேட்டீங்க. நீங்க கேக்கற மாதிரி கேட்டா இல்லேன்னு சொல்ல வாய் வராது மேடம். சொல்லலாம் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க மனுவிலயே எழுதிட்டீங்க."

சின்னவள் அக்காவையே பார்த்தாள். நாளைக்கு அந்தக் கத்தரி கோர்ட்டுக்குப் போயிருந்தால், நீதிபதியின் கண்ணெதிரே துணி மடிந்து மாட்டியிருக்கும். பொம்பளைக்கு வெட்ட வராது என்று எதிர்த்தரப்பு நிரூபித்திருக்க வேண்டியதே இல்லை, பெரியவளே நிரூபித்திருப்பாள். திருட்டு அல்லவா அவளைக் காப்பாற்றியிருக்கிறது.

"எந்தக் கையால வெட்டுவேன்னு கூடவா கேக்கல நீ?" என்றாள் சின்னவள். வெல்லம் தின்றதுபோல இருந்தது அந்தக் கேள்வி.

பெரியவள் மனுதாரர் பக்கம் திரும்பினாள். "யாரோட கத்தரி அது?" என்று மட்டும் கேட்டாள்.

"பாபின்" என்றாள் மனுதாரர்.

தையல் மெஷினில் நூல் சுற்றிப் போடும் அந்தச் சின்ன இரும்பு உருளைதான் பாபின். கையைப் பிடித்து இழுத்த சூப்பர்வைசர் நெற்றியில் அதை விட்டெறிந்ததால் அவளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

* * *

பாபின் குடியிருந்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பூட்டுக் கடைக்கு மேலே ஓர் அறை. கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஊசி இடது கையில்.

"வக்கீலம்மா தங்கச்சிதானே நீங்க?" என்றாள் நிமிராமலே. "அதே மூக்கு."

சின்னவள் செருப்பைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊரில் எந்தப் படி ஏறினாலும் அக்கா முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது.

"என் மூக்கு எனக்கு" என்றாள். "கத்தரி எங்க?"

பாபின் மறைக்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். அக்காவின் திரைச்சீலைத் துண்டு கச்சிதமாக அதைச் சுற்றியிருந்தது.

"போலீஸைக் கூட்டிட்டு வந்தாலும் கவலை இல்ல. என் பொருளை நான் எடுத்தேன். சொல்லிவெச்சு செஞ்சு வாங்கினது. கட்டிங் ரூம்ல எனக்குன்னு ஒரு கத்தரி இருந்துச்சுன்னா அது இதுதான்."

"கேஸ் நடக்குதுன்னு தெரிஞ்சும் எடுத்தீங்களே?"

"கேஸா?" பாபின் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அந்தக் கேஸை முதல்ல உங்க அக்காகிட்ட கொண்டுபோனதே நான். எல்லாப் பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போய் நிறுத்தினது நான். உங்க அக்கா எல்லாம் கேட்டாங்க. ரெண்டாவது கல்யாணமான்னு கேட்டாங்க. ஆமாம்னேன். சூப்பர்வைசரை அடிச்சு சஸ்பெண்ட் ஆனியான்னாங்க. ஆமாம்னேன். அப்புறம் என்னை விட்டுட்டு அவளைப் பார்த்தாங்க. 'மனு இவங்க பேர்ல போடலாம்மா, கோர்ட்ல யாரும் குறை சொல்ல முடியாத ஆளா இருக்கணும், நீங்க சாட்சியா இருங்க'ன்னாங்க. சரின்னு வாயை மூடிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"பேப்பர்ல போட்டோ வந்துச்சு. என் கத்தரியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. தெருவுல எல்லாரும் அவகிட்ட போய்க் கை கொடுக்கறாங்க. என்கிட்டயே வந்து, 'உன் ஃப்ரெண்டு எவ்வளவு தைரியசாலி'ங்கிறாங்க. தைரியசாலியாம். அவ கரப்பான்பூச்சியைப் பார்த்தா மெஷின் மேல ஏறுவா." பாபின் சட்டையை ஒதுக்கி வைத்தாள். "அதுவும் தப்பான கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அதைக் கூட யாரும் கவனிக்கலையே. ராத்திரியெல்லாம் எனக்கு நெஞ்சு பத்தி எரியுதுங்க. சின்ன வயசுலேர்ந்து ஒரே தட்டுல சாப்பிட்டவ. அவ நல்லா இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறேனேன்னு அழுகையும் வருது, நினைக்காம இருக்கவும் முடியல."

ரேடியோ எதையோ சொல்ல வாயெடுத்து, இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்து மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

சின்னவள் தரையில் உட்கார்ந்தாள். தொழிலில் எத்தனையோ பேரைப் பேசவைத்திருக்கிறாள், ஆனால் தன் நெஞ்சில் ஓடுவதை இன்னொருத்தி வாயால் கேட்டது இல்லை. கூடவே ஒரு கெட்ட நினைப்பும் வந்தது. இப்படியே எழுந்து போய், கத்தரி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? நாளைக்கு அக்கா தோற்பாள். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அந்த இஸ்திரி முகத்தில் ஒரு கசங்கல் விழும். அதைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடிக்கலாம்.

அந்த நினைப்பை அவள் சற்று நேரம் வைத்து ருசித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"நாளைக்கு அவ தோத்தா உங்களுக்கு ஆறிடுமா?" என்று கேட்டாள் கடைசியில். பாபினைக் கேட்டாளா, தன்னையே கேட்டாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

பாபின் யோசித்தாள். "ரெண்டு நாள் ஆறும். அப்புறம் மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அது ஆறாது."

"எனக்கும் உங்க வியாதிதான். எனக்கு அது சொந்த வீட்டுலேயே வந்தது" என்றாள் சின்னவள். "எங்க அக்காவைப் பத்தி என்கிட்ட யாராவது நல்லதா ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. அதனால நான் உங்களுக்குப் புத்தி சொல்ல வரல. என்ன செஞ்சா நாளைக்கு வருவீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"ஆமா, எங்க பாஸ்கிட்ட புத்தி ஸ்டாக் இல்ல" என்றான் ரேடியோ, அடக்க முடியாமல்.

பாபின் கத்தரியின் பிடியைத் தடவினாள். "உங்க அக்கா எல்லார் முன்னாடியும் சொல்லணும். இது யாரோட கத்தரின்னு. என்னை ஏன் ஓரமா உட்கார வெச்சாங்கன்னு. காதோட காதா இல்ல, கோர்ட்ல."

"பாஸ், அவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்களே" என்றான் ரேடியோ. "மனுவிலயே தப்பா எழுதிட்டேன்னு சொன்னா எதிர்த்தரப்பு உரிச்சிடுவாங்க. இத்தனை வருஷப் பேரு."

சின்னவள் எழுந்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அது முழுக்க நல்ல வெளிச்சம் என்று சொல்ல முடியாது.

"சொல்ல வெக்கிறேன்" என்றாள். "அதை நானும் கேக்கணும்."

* * *

மறுநாள் காலை நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. ஃபேக்டரிப் பெண்கள் பின்வரிசை முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். பாபினும் மனுதாரரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டு. சின்னவள் சுவரோரம் நின்றாள். முந்தின நாள் மாலை அக்காவிடம் பாபின் கேட்டதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்லியிருந்தாள். பெரியவள் கேட்டுக்கொண்டாள், கண்ணாடியைத் துடைத்தாள், "நீ போய்த் தூங்கு" என்றாள். அவ்வளவுதான். சின்னவள் தூங்கவில்லை.

வழக்கு அழைக்கப்பட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு துணிக் கட்டை மேஜையில் வைத்துவிட்டுப் புன்னகையோடு உட்கார்ந்தார். பெரியவள் எழுந்தாள்.

"துணி வெட்டிக் காட்டுறதுக்கு முன்னாடி, இந்த மனுவில இருக்கிற ஒரு தப்பைத் திருத்த அனுமதி கேக்கறேன். அந்தக் கத்தரி மனுதாரருடையதுன்னு எழுதியிருக்கு. அது அவங்களுடையது இல்ல."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அப்படின்னா மனுதாரர் பொய் சொல்லியிருக்காங்க."

"அவங்க சொல்லல. நான் எழுதினேன். நான் கேள்வி கேட்ட விதத்துல அவங்களால மறுக்க முடியல." பெரியவளின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கத்தரிக்குச் சொந்தக்காரங்க பின்வரிசையில இருக்காங்க. இந்த வழக்கை என்கிட்ட கொண்டுவந்ததே அவங்கதான். அவங்க பேர்ல நான் மனு போடல. ஏன்னா அவங்க ரெண்டாவது கல்யாணம் பண்ணினவங்க, கையைப் பிடிச்சவனைத் திருப்பி அடிச்சவங்க. கோர்ட்ல எடுபடாதுன்னு நினைச்சேன். ஆம்பளைக்கு ஒரு அளவு, பொம்பளைக்கு ஒரு அளவு வெக்காதீங்கன்னு வாதாட வந்தவ நான். வர்ற வழியிலயே பொம்பளைங்களை நல்லவ, கெட்டவன்னு ரெண்டா வெட்டிட்டு வந்தேன். அது என் தப்பு. அதுக்கு இவங்க ரெண்டு பேரையும் தண்டிக்க வேண்டாம். கத்தரிக்குச் சொந்தக்காரங்களே வெட்டிக் காட்ட அனுமதி கொடுங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பின்வரிசையைப் பார்த்தார்.

"வாங்கம்மா" என்றார்.

பாபின் எழுந்தாள். போகிற வழியில் மனுதாரர் அவள் முந்தானை மடிப்பைச் சரிசெய்துவிட்டாள், பாபின் அவள் கையைத் தட்டிவிடவில்லை. மேஜையில் துணியைப் பல மடிப்பாக விரித்தாள். திரைச்சீலைத் துண்டைப் பிரித்துக் கத்தரியை இடது கையில் எடுத்தாள். சட்டைக் கைக்கு வளைவு எடுத்தபோது கத்தரி எங்கும் நிற்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலே கழுத்தை நீட்டிப் பார்த்தார், பிறகு பார்த்ததற்காக வருத்தப்பட்டவர்போல உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். நீதிபதி வெட்டிய துண்டுகளை வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நூலளவு வித்தியாசம் இல்லை.

"பாஸ்" என்று ரேடியோ காதருகே வந்தான். "கேக்கணும்னு ஆசைப்பட்டீங்களே. அக்கா வாயாலேயே 'என் தப்பு'ன்னு. இப்போ திருப்திதானே?"

சின்னவள் முன்னால் பார்த்தாள். ஃபேக்டரிப் பெண்கள் எல்லோரும் பாபினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாபின் மட்டும் கத்தரியைப் பிடித்தபடி கண்ணில் நீர் முட்ட அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிபதியும் அக்காவைத்தான் பார்த்தார், முன்பு எப்போதையும்விட மரியாதையோடு.

"எங்கடா திருப்தி" என்றாள் சின்னவள். "தப்பை ஒத்துக்கிறதைக்கூட எவ்வளவு நல்லா செய்யறா பாரு."